யாரும் எடுத்துக்கொள்ளாத தாள்

நேரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுக்க எங்கள் பள்ளிக்கு ஒருவர் வந்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு முழுச் சனிக்கிழமை. விடுமுறை நாளில் எங்களை எல்லாம் கூட்டி உட்கார வைத்து, "உங்களுக்கு ஓய்வே இல்லை, பாவம்" என்று பேச ஒரு மனுஷருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் துவைக்காத துணி மலையாகக் கிடந்தது.

ஆனால் ஆள் பேச்சில் கெட்டிக்காரர். மத்தியானத்துக்குள் நான் கவிழ்ந்துவிட்டேன். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆளுக்கு ஒரு கட்டு ஒட்டும் சீட்டு கொடுத்தார். உடனே முடிக்க வேண்டிய வேலைக்குச் சிவப்பு, இந்த வாரத்துக்குள் என்றால் மஞ்சள், ஆறப்போடலாம் என்றால் பச்சை. வீட்டுக்கு வந்து என் வேலைகளுக்கெல்லாம் சீட்டு ஒட்டிப் பார்த்தேன். எல்லாம் சிவப்பு. குளியலறைக் கதவில்கூடச் சிவப்பு. பச்சைக் கட்டை நான் இன்றுவரை பிரிக்கவே இல்லை.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் என் மண்டைக்குள் நன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டது. "ஒரே மாதிரி வேலையை ஒரே மூச்சில் முடிங்க. பரீட்சைத் தாள் திருத்தும்போது ஒரு பிள்ளையோட தாளை முழுசாத் திருத்திட்டு அடுத்த பிள்ளைக்குப் போகாதீங்க. எல்லாரோட முதல் கேள்வியையும் திருத்துங்க. அப்புறம் எல்லாரோட ரெண்டாவது கேள்வி. கை தானா ஓடும், பாதி நேரம் மிச்சம்." அடக் கடவுளே, இத்தனை வருஷம் இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டாம் வகுப்பின் வருடக் கடைசி அறிவியல் தாள்கள் என்னிடம் இருந்தன. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் மதிப்பெண் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு கேள்விக்கும் புதுத் தாளில்தான் பதில் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் தாள்களை மூலையில் நூலால் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பெயரும் வரிசை எண்ணும் முதல் தாளில் மட்டும். மற்ற தாள்களில் எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. நூலை அறுக்கும் அளவுக்கு மூளை உள்ள ஆசிரியர் அதுவரை அங்கே வேலைக்கு வரவில்லை.

நான் அறுத்தேன். கேள்வி கேள்வியாகப் புரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தையும் மிச்சம் பிடிப்போமே என்று கத்தரிக்கோலை எடுத்து எல்லாக் கட்டையும் பிரித்துவிட்டேன். முதல் கேள்வி கட்டிலில், இரண்டாவது மேசையில், மூன்றாவது தையல் மெஷின் மேல், நான்காவது நாற்காலியில், ஐந்தாவது ஜன்னல் திட்டில். நான் ஒன்றும் அசடு இல்லை. ஐந்து அடுக்கிலும் வரிசை எண் ஒழுங்கு மாறாமல்தான் வைத்தேன். மேலிருந்து நாலாவது தாள் என்றால் எந்த அடுக்கிலும் அது நாலாம் எண் பிள்ளையுடையது.

அந்த மனுஷர் சொன்னது பொய்யில்லை. கை தானாகத்தான் ஓடியது. கண்ணில் நாலு முக்கியமான வார்த்தை பட்டால் சரி, ஓரத்தில் மதிப்பெண், அடுத்த தாள். எல்லாம் திருத்தி முடித்தபோது வெளியில் இன்னும் வெயில் இருந்தது. திருத்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெயிலைப் பார்த்ததே கிடையாது. கூட்டிப் போடுவதுதான் பாக்கி, அதைச் சாவகாசமாகச் செய்யலாம் என்று நிம்மதியாகத் தலைக்குக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்தால் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நிற்கிறார். அவர் மருந்துக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். பெட்டி கோணலாக இருந்தால் தூக்கம் வராத ஜாதி.

"என்னம்மா இப்படி எசகுபிசகாப் போட்டு வச்சிருக்க? நீ மட்டும்தான் டிரெய்னிங் போவியா? நானும் கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக் கொடுத்தேன், பாரு."

"என்ன பண்ணீங்க?" என்றேன்.

"மார்க் வாரியா அடுக்கிட்டேன். அஞ்சு அடுக்கும். அதிக மார்க் மேல, கம்மி மார்க் கீழ. யாரு எப்படி எழுதியிருக்காங்கன்னு ஒரு பார்வையிலேயே தெரிஞ்சுடும்ல?"

தலையில் சுற்றியிருந்த துண்டோடு நான் கட்டில் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தேன். அவர் ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகமும் செத்துப் போயிற்று.

"கையெழுத்தப் பாத்துக் கண்டுபிடிச்சுட மாட்டியா?"

அதுதானே வேறு எந்தப் பள்ளியாக இருந்தாலும் நடக்கும்! எங்கள் பள்ளிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே கையெழுத்துதான். ஒன்றாம் வகுப்பிலேயே கையெழுத்து சார் என்று ஒருவர் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வார். எட்டாம் வகுப்புக்கு வரும்போது அத்தனை பேர் எழுத்தும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்கும். பார்க்க வருகிற அதிகாரிகள் எல்லாம் ஆகா ஓகோ என்பார்கள். நான்கூடப் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கையெழுத்து சார் மட்டும் எதிரில் வந்திருந்தால் நடந்திருப்பதே வேறு.

எல்லோர் விஷயமும் ஒருபுறம் இருக்கட்டும். என்னை ஆட்டி வைத்தது ஒரே ஒரு பெண்ணின் நினைப்பு. வகுப்பில் அவளுக்குக் கொட்டாவி என்று பெயர். காலை முதல் மணியிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டே இருப்பாள். போன வருடம் எட்டாம் வகுப்பில் தேறவில்லை, இந்த வருடம் மறுபடி அதே வகுப்பு. ஒரே வகுப்பில் இரண்டாம் முறையும் தேறாவிட்டால் பள்ளியில் பெயரை எடுத்துவிடுவார்கள், அது விதி. மற்ற பாடங்களில் எப்படியோ தொட்டுத் தொட்டுத் தாண்டிவிட்டாள் என்று அந்தந்த ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். மிச்சம் இருந்தது என் அறிவியல். "இந்தத் தடவையும் போச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல, பாத்துக்கோங்க" என்று தலைமையாசிரியை என்னிடம் சொல்லியிருந்தார். அவள் படிப்பு இருக்கிறதா இல்லையா என்பது அந்தத் தாள்களில் எங்கோ இருக்கிறது. எது அவளுடையது என்று அவளுக்கு மதிப்பெண் போட்ட எனக்கே தெரியவில்லை. அழுகை அழுகையாக வந்தது.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியையிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நூல அறுத்தீங்களா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"நேரத்த மிச்சம் பிடிக்க."

கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார், "அந்த ஆள இன்னொரு நாள் கூப்பிடலாம்னு இருந்தேன். நல்ல வேளை." மத்தியான மணி அடிப்பதற்குள் மதிப்பெண் வந்தாக வேண்டும், எப்படியாவது செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி பிள்ளைகள்தான். அவரவர் எழுதியது அவரவருக்குத் தெரியுமே! வகுப்பில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, மதிப்பெண் போட்ட இடம் தெரியாமல் ஓரத்தை மடித்து, தாள்களைப் பரப்பி வைத்துவிட்டு, அவரவர் தாளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சந்தைக்கடை தோற்றது, அப்படி ஒரு இரைச்சல்.

"டீச்சர், இது என் கையெழுத்து!"

"எல்லார் கையெழுத்தும் அதான்டா, வழி விடு!"

"இதயம் படம் என்னுது. நான்தான் பெருசா வரைஞ்சேன்."

"இது இதயமா? நான் கிழங்குன்னு நினைச்சேன்."

சந்தேகம் வந்த இடத்தில் நான் நடுவில் புகுந்து, நீ என்ன எழுதினாய் சொல் என்று கேட்டு, தாளோடு ஒத்துப் பார்த்துக் கொடுத்தேன். கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போயிற்று. ஒரு பையன் தன் தாளைத் தானே படித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கேவலமா நான் எழுதியிருக்க மாட்டேன் டீச்சர்" என்றான். அவன்தான் எழுதியிருந்தான். எப்படியோ ஒவ்வொன்றாக அடங்கி, ஒரு வழியாகக் கடைசியில் ஐந்தாம் கேள்விக்கு இரண்டு தாளும், இரண்டு பெண்களும் மிஞ்சினார்கள். மற்றவர்களை மைதானத்துக்கு விரட்டினேன்.

மிஞ்சியவர்களில் ஒருத்தி கொட்டாவி. இன்னொருத்தி ஸ்கேல். வகுப்பில் எப்போதும் முதல் இடம் அவளுக்குத்தான். எதை எழுதினாலும் அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதால் அந்தப் பெயர். மிஞ்சிய தாள்களில் ஒன்று முழு மதிப்பெண் வாங்கியது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையின் உடலில் நீர் வற்றுவதற்கான அறிகுறிகளும் அதற்குச் செய்ய வேண்டியதும் என்பது கேள்வி. பக்கம் நிறைய எழுதியிருந்தது. இன்னொன்றில் கேள்வி எண்ணும் அரை வரியும் மட்டும். அதற்கு நான் போட்டிருந்தது முட்டை.

கொட்டாவியின் மற்ற நாலு தாளையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். அந்த முழுப் பக்கம் அவளுடையதாக இருந்தால் கரையேறிவிடுவாள். அரை வரி என்றால் அவ்வளவுதான். ஸ்கேலின் தாள் எது என்பதில் யாருக்குச் சந்தேகம் வரும்! பாவிப் பெண்ணே, இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டு, "ம், எடுத்துக்கோங்க" என்றேன்.

இரண்டு கைகள் நீண்டன. இரண்டும் அரை வரித் தாளைப் பிடித்தன.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். ஒரு மூலை ஸ்கேலின் கையில், மறு மூலை கொட்டாவியின் கையில். முழு மதிப்பெண் வாங்கிய தாள் பெஞ்சில் அநாதையாகக் கிடந்தது.

"இது என்னுது டீச்சர்" என்றாள் ஸ்கேல். சொன்ன உடனே உதடு கோணி அழ ஆரம்பித்துவிட்டாள். "ஒவ்வொரு கேள்விக்கும் இவ்ளோ நேரம்னு பிரிச்சு வச்சுத்தான் எழுதினேன். கோடு போடற நேரத்த மட்டும் கணக்குல சேக்க மறந்துட்டேன். அஞ்சாவதுக்கு வந்ததும் மணி அடிச்சுட்டாங்க."

"இல்ல டீச்சர், என்னுது" என்றாள் கொட்டாவி. அவள் அழவில்லை. தாளை விடவும் இல்லை.

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. நல்ல மதிப்பெண்ணுக்குச் சண்டை போட்ட பிள்ளைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். முட்டைக்கு இழுபறி நடந்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் மூளை கலங்கிவிட்டதா, இல்லை எனக்குத்தானா? அந்த நல்ல தாளை எடுத்து முதல் தடவையாக வரி விடாமல் படித்தேன். ஆமாம், முதல் தடவைதான். ஞாயிற்றுக்கிழமை கை ஓடிய ஓட்டத்தில் நான் எதையும் படிக்கவில்லை, நாலு வார்த்தையைத் தேடிக் கோடு போட்டேன், அவ்வளவுதான். நாக்கு வறண்டு போகும் என்று இருந்தது. கண் உள்ளே போய்விடும் என்று இருந்தது. அதன் பிறகு இப்படி எழுதியிருந்தது: உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுத்தால் கொஞ்ச நேரம் பொறுத்து, மறுபடி ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தம்பி துப்பினாலும் விடக் கூடாது.

தம்பி! பாடப் புத்தகத்தில் ஏது தம்பி? ஸ்கேல் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பது பள்ளிக்கே தெரியும். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடும் ஒன்றுகூட இல்லை, இருந்த கோடெல்லாம் நான் போட்டவை.

"ஏண்டி," என்றேன் கொட்டாவியிடம், "இது உன்னுதுதானே?"

"இல்ல டீச்சர்."

"தம்பி யாரு?"

அவள் தாளை விட்டுவிட்டாள். தலை குனிந்துகொண்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குப் புரியாத எதன் மேலும் எனக்குக் கோபம் வரும், அது என் பிறவிக் குணம்.

"என்ன விளையாடறியா? உனக்காக நான் நேத்துலேருந்து வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத் திரியறேன். நீ பாஸாகிற மார்க்க வேணாம்ங்கற! ஃபெயிலாகணும்னு வேண்டுதலா?"

"ஆமா டீச்சர்" என்றாள்.

அவள் மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். எங்கள் பள்ளியில் இடம் போதாததால் எட்டாம் வகுப்பு வரை காலையில் நடக்கும், ஒன்பதாம் வகுப்பிலிருந்து மத்தியானம். அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மத்தியான வேலை. அப்பா இல்லை. காலையில் அம்மா வீட்டில் இருந்து தம்பியைப் பார்த்துக்கொள்வாள். மத்தியானம் இவள் பள்ளி விட்டு வீட்டுக்குப் போனதும் அம்மா கிளம்பிவிடுவாள். வாசலில் வைத்துக் கைமாற்றிவிடுவார்களாம். அம்மா அலுத்துப் போய் வந்து படுத்த பிறகும் அவன் எழுந்தால் இவள்தான். கொட்டாவி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஒம்பதாவது போனா எனக்கும் மத்தியானம், அம்மாவுக்கும் மத்தியானம். தம்பிய யாரு டீச்சர் பாத்துக்குவா? அதான் இன்னொரு வருஷம் எட்டாவதுலயே இருந்துட்டா, அவன் கொஞ்சம் பெரியவனாயிடுவான்."

இன்னொரு வருஷமா! இரண்டாம் முறை தேறாவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள் என்று நினைத்தோம். இப்போது சொன்னேன். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"அப்புறம் ஏண்டி இத இவ்ளோ நல்லா எழுதின?" என்று கேட்டாள் ஸ்கேல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நான் கேட்க நினைத்ததும் அதுதான்.

"ஒரு பாடம் போனாப் போதுமேன்னு இதுல மத்த கேள்வியெல்லாம் வேணும்னே பாதிப் பாதி விட்டுட்டேன். இது தெரிஞ்ச கேள்வி. எழுத ஆரம்பிச்சா கை நிக்கல" என்றாள் கொட்டாவி. ஏதோ தப்பு செய்துவிட்டவளைப் போலச் சொன்னாள்.

நான் என்ன செய்ய? முட்டையைப் போட்டால் பள்ளியை விட்டுப் போகிறாள். முழு மதிப்பெண்ணைப் போட்டால் ஒன்பதாம் வகுப்பில் பெயர் மட்டும் இருக்கும், அவள் வீட்டில் தம்பியோடு இருப்பாள். எந்தச் சீட்டை எதில் ஒட்டினால் இது தீரும்? தலை கிர்ரென்றது. மைதானத்தில் மற்றதுகள் போட்ட கூச்சல் வேறு. ஒன்றும் தோன்றாமல், வருகைப் பதிவேட்டில் இருந்த எண்ணைப் பார்த்து அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். ஒலிபெருக்கியை அழுத்தினேன், அவளும் கேட்கட்டும் என்று.

பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. "டீச்சரா? ஐயோ, என்ன ஆச்சு? அவ நல்லா இருக்காளா?"

"நல்லாத்தான் இருக்கா. அவ மார்க் விஷயமாப் பேசணும். தேறினா மத்தியானப் பள்ளிக்கூடம். நீங்களும் மத்தியானம் வேலைக்குப் போறீங்களாமே? குழந்தைய யாரு பாத்துக்குவா?"

"மத்தியானம் ஏது டீச்சர்? நான்தான் விடியக்காலை வேலைக்கு மாத்தி வாங்கிட்டேனே. அடுத்த மாசத்துலேருந்து."

எனக்கு ஒரு கணம் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. "எப்ப வாங்கினீங்க?"

"பரீட்சைக்கு ரொம்ப முன்னாடியே கேட்டு வச்சுட்டேன். அந்த சூப்பர்வைசர் கால்ல விழாத குறைதான். போன வாரம் சரின்னுட்டாரு. நான் விடியக்காலைல போயிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துட்டா, இவ நிம்மதியா ஒம்பதாவது போகலாம்ல?"

"அவகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, அம்மா நமக்காக வேலைய மாத்திடுச்சே, பாஸாகியே தீரணுமேன்னு பயந்துடுவா டீச்சர். போன வருஷம் ஃபெயிலானப்ப அவளுக்குச் சாப்பாடே எறங்கல. ரிசல்ட் வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

நான் கொட்டாவியைப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்த போனைப் பிடித்து இழுத்து வாயருகில் வைத்துக்கொண்டாள்.

"நான் பாஸாயிடுவேன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அந்தப் பக்கம் குழந்தை இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

"தெரியாதுடி. ஒருவேளை பாஸாயிட்டா?"

அவள் போனை என்னிடம் நீட்டினாள். பெஞ்சில் கிடந்த முழுப் பக்கத் தாளை எடுத்து இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், இது என்னுது" என்றாள், ஓவென்று அழுதுகொண்டே.